குளத்துக்குப் பெயர், வாய்க்காலுக்கு எண்

மட்டக்களப்பு நகரையும் கல்லடியையும் இணைக்கும் பழைய இரும்புப் பாலத்துக்கு அரச ஏடுகளில் 'லேடி மன்னிங் பாலம்' என்று பெயர். 1924இல் அது திறக்கப்பட்டபோது வில்லியம் மன்னிங் இலங்கையின் தேசாதிபதியாக இருந்தார். அவருடைய மனைவியின் பெயரைப் பாலத்துக்கு வைத்தார்கள். வாவியின் சேற்றில் தூண் இறக்கியவர்கள், இரும்பு பூட்டியவர்கள், நீரோட்டத்தைக் கணக்கிட்டவர்கள் எவருடைய பெயரும் அதில் ஒட்டவில்லை. ஊர்மக்கள் அந்த அம்மையாரின் பெயரையும் ஏற்கவில்லை. நூறு ஆண்டுகளாக அவர்கள் வாயில் அது கல்லடிப் பாலம்தான். 2013இல் பக்கத்தில் புதிய பாலம் திறந்த பிறகும் அந்தப் பேச்சு மாறவில்லை.

ஒரு பெயர்ப்பலகையைப் பற்றிய சின்னச் செய்தி போல இது தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பலர் சேர்ந்து செய்த வேலைக்கு ஒருவர் பேர் வாங்குவது எந்த அளவுக்கு நியாயம் என்பது உலகம் முழுவதும் வணிக ஆய்வாளர்கள் அரை நூற்றாண்டாக வாதிட்டுவரும் கேள்வி. ஒரு கம்பனியின் ஆண்டறிக்கையைப் புரட்டினால் முதற்பக்கங்களில் தலைவரின் படமும் அவருடைய உரையும் இருக்கும். வேலை செய்தவர்கள் பின்பக்கத்தில் ஓர் எண்ணிக்கையாக வருவார்கள். இந்த ஏற்பாடு சரிதானா என்று பார்க்க, வாவிக்கரையிலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. தண்ணீர் சம்பந்தப்பட்டதால் அதை அளந்து பார்க்கவும் முடிகிறது.

அது கல்லோயாத் திட்டம். தமிழில் பட்டிப்பளை ஆறு என்று வழங்கும் ஆற்றை இங்கினியாகலையில் மறித்து 1949க்கும் 1951க்கும் இடையில் அணை கட்டப்பட்டது. ஒரு கிலோமீற்றருக்கு மேல் நீளமான மண் அணை. நிரம்பினால் ஏறத்தாழ 770,000 ஏக்கர் அடி நீர் கொள்ளும். சுதந்திரத்துக்குப் பின் இலங்கை எடுத்த முதற்பெரும் வேலை இதுவே. அப்போது அந்த நிலம் மட்டக்களப்பு மாவட்டத்துக்குள் இருந்தது. அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். இடதுகரைக் கால்வாயின் தலைப்பு மேட்டு நிலத்தில் இருக்கிறது. அதன் கிளைகள் உகணை வழியாக இறங்கி, மட்டக்களப்பு வாவியின் தென்மேற்கே படுவான்கரையில் இருக்கும் மண்டூர்ப் பக்கம் வரை வருகின்றன. எஞ்சிய நீர் வாவியில் கலக்கிறது. மேலே அணைக்கட்டில் நிற்பவரும் கீழே மண்டூரில் வாவியைக் கடக்கும் 'பாதை'ப் படகுக்காகக் காத்து நிற்பவரும் ஒரே தண்ணீரைத்தான் பார்க்கிறார்கள்.

அந்தக் குளத்துக்கு வைத்த பெயர் சேனாநாயக்க சமுத்திரம். நாட்டின் முதற் பிரதமர் டி. எஸ். சேனாநாயக்கவின் பெயர் அது.

கட்டியது யார் என்று கேட்டால் வேறொரு பெயர் வரும். அணையைக் கட்டும் ஒப்பந்தத்தை எடுத்தது மொரிசன் நூட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி. 1912இல் ஐடஹோ மாநிலத்தின் பொய்சி நகரில் ஹரி மொரிசனும் மொரிஸ் நூட்சனும் சில குதிரைகளோடும் மண்வாரும் கருவிகளோடும் தொடங்கிய தொழில் அது. பின்னர் கொலராடோ ஆற்றின் ஹூவர் அணையைக் கட்டிய ஆறு கம்பனிகளில் ஒன்றாக வளர்ந்தது. 1954 மே மாதம் 'டைம்' சஞ்சிகை ஹரி மொரிசனின் முகத்தை அட்டையில் போட்டது. பூமியின் தோற்றத்தை அவரளவுக்கு மாற்றிய மனிதர் வேறெவரும் இல்லை என்ற பொருளில் அவரைப் புகழ்ந்தது. இங்கினியாகலையில் அவர் கம்பனியின் இயந்திரங்கள் மண் கொட்டி மூன்று ஆண்டுகளுக்குள் அந்த அட்டை வந்தது. இயந்திரத்தை ஓட்டியவர், காடு வெட்டியவர், மலேரியாவில் படுத்து எழுந்து மறுபடி வேலைக்கு வந்தவர் எல்லோருடைய உழைப்பும் அந்த ஒரு முகத்துக்குள் போயிற்று.

மொரிசன் திறமையற்றவர் என்று நான் சொல்லவரவில்லை. அவர் மிகத் திறமையானவர். ஆனால் 'பூமியின் தோற்றத்தை மாற்றினார்' என்ற வாக்கியத்தில் எழுவாய் ஒருமையில் இருக்கிறது. ஒருமை எழுவாய் எப்படி வந்தது என்பதைத்தான் ஆய்வாளர்கள் தோண்டியிருக்கிறார்கள்.

1972இல் ஸ்டான்லி லீபர்சன், ஜேம்ஸ் ஓ'கானர் என்ற இரு சமூகவியலாளர்கள் 167 பெரிய அமெரிக்கக் கம்பனிகளின் இருபது ஆண்டுக் கணக்குகளை எடுத்து ஆராய்ந்தார்கள். ஒரு கம்பனியின் விற்பனையும் இலாபமும் ஏறி இறங்குவதற்கு எது காரணம், தலைவர் மாறுவதா, அந்தத் தொழிற்றுறையின் நிலையா, நாட்டின் பொருளாதார ஆண்டா, கம்பனியின் இயல்பான வலுவா என்று பிரித்துப் பார்த்தார்கள். தலைவருக்கு உரிய பங்கு பலர் நினைத்ததைவிடச் சிறியதாக வந்தது. தொழிற்றுறையும் கம்பனியும்தான் பெரும்பகுதியை விளக்கின. பின்னால் வந்தவர்கள் இந்தக் கணக்குமுறையில் குறை கண்டார்கள். தலைவருக்குக் கூடுதல் பங்கு கொடுக்கும் முடிவுகளும் வந்தன. வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் 'எல்லாம் அவரால்தான்' என்ற பேச்சை அதன்பின் ஆதாரம் கேட்காமல் ஏற்க முடியாமற் போயிற்று.

1985இல் ஜேம்ஸ் மைண்டலும் அவருடைய கூட்டாளிகளும் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். தலைவர் எவ்வளவு செய்கிறார் என்பதை விட்டு, அவர் செய்ததாக நாம் ஏன் நம்புகிறோம் என்று கேட்டார்கள். விளைவு மிக நன்றாக இருந்தாலும் மிக மோசமாக இருந்தாலும் மக்கள் தலைவரையே காரணமாகக் காண்கிறார்கள். நடுத்தரமாக இருந்தால் அவரை மறந்துவிடுகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. சிக்கலான காரணங்களின் கூட்டத்தை மனம் தாங்கமாட்டாமல் ஒரு முகத்தைத் தேடுகிறது. அதற்கு முன்பே, 1968இல், ரொபர்ட் மேர்ட்டன் அறிவியலாளரிடையே இதன் இன்னொரு வடிவத்தைக் காட்டியிருந்தார். இருவர் சேர்ந்து செய்த ஆய்வில், ஏற்கனவே பெயர் பெற்றவருக்கே பெயர் போய்ச் சேருகிறது. இருப்பவனுக்கே மேலும் கொடுக்கப்படும் என்ற மத்தேயு சுவிசேஷ வசனத்தை வைத்து அதற்கு அவர் பெயரிட்டார்.

இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு இங்கினியாகலைக்குத் திரும்புவோம்.

சேனாநாயக்கவுக்கு என்ன உரியது? நேர்மையாகப் பார்த்தால் நிறையவே உரியது. 1931இலிருந்து விவசாய அமைச்சராக இருந்த காலத்திலிருந்தே வறண்ட வலயத்துக் குளங்களைத் திருத்தி அங்கே மக்களைக் குடியேற்றுவது அவருடைய அரசியலின் நடுப்பொருளாக இருந்தது. தேயிலைக்கும் இறப்பருக்கும் பழகிய ஒரு திறைசேரியை நெல்லுக்குச் செலவழிக்க வைத்தது சின்ன வேலையில்லை. அமெரிக்காவின் டெனசி பள்ளத்தாக்கு அதிகாரசபையை மாதிரியாகக் கொண்டு 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபையைச் சட்டத்தால் அமைத்து, திணைக்களங்களின் வழமையான இழுபறிக்கு வெளியே அதற்கு அதிகாரம் கொடுத்தார்கள். அணை இரண்டு ஆண்டுகளுக்குள் எழும்பியதற்கு அதுவும் ஒரு காரணம். இப்படி ஒரு முடிவை ஒரு பொறியியலாளரோ ஒரு விவசாயியோ எடுத்திருக்க முடியாது. அந்த இடத்தில் இருந்தவரால்தான் முடிந்தது. அந்த முடிவின் பெருமை அவருடையது. அதில் ஒரு மரைக்காலும் குறைக்கத் தேவையில்லை.

ஆனால் அதே மேசையில் அதே கையால் எடுக்கப்பட்ட இன்னொரு முடிவும் உண்டு: யாரை எங்கே குடியேற்றுவது என்பது. கால்வாயின் மேற்பகுதியில், தண்ணீர் முதலில் வரும் இடத்தில், பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த சிங்களக் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. கீழ்ப்பகுதியில், கடைசியாகத் தண்ணீர் வரும் இடத்தில், பரம்பரையாக நெல் செய்துவந்த தமிழரும் முஸ்லிம்களும் இருந்தார்கள். மாவட்டத்தின் குடித்தொகை மாறியது, தேர்தல் கணக்கு மாறியது. 1956 ஜூனில், தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறிய நாட்களில், கல்லோயாப் பள்ளத்தாக்கில் தமிழர் வேட்டையாடப்பட்டார்கள். பலர் கொல்லப்பட்டார்கள். சேனாநாயக்க அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். அந்தக் கொலைகளை அவர் செய்யவில்லை. எனினும் அணையை 'அவர் கட்டியது' என்று சொல்லும் அதே இலக்கணம், குடியேற்றத்தின் விளைவையும் அவர் ஏட்டில் எழுதவேண்டும் என்று கோருகிறது. நெல்லுக்கு ஒருமை எழுவாய், இரத்தத்துக்கு எழுவாயே இல்லாத வாக்கியம் என்று வைத்துக்கொள்ள முடியாது. கம்பனித் தலைவர்களைப் பற்றிய விவாதத்திலும் என்னை மிகவும் உறுத்துவது இந்த இடம்தான். இலாபம் வந்த ஆண்டில் 'என் முடிவு' என்பவர்கள் நட்டம் வந்த ஆண்டில் சந்தையையும் வானிலையையும் கூப்பிடுகிறார்கள். வானிலை இரண்டு ஆண்டுகளிலும் இருந்தது.

பேர் எப்படிப் பங்கிடப்படவேண்டும் என்பதற்கு மட்டக்களப்பின் பழைய வயல் ஒழுங்கில் ஒரு குறிப்பு கிடைக்கிறது. நிலம் போடியாருடையது. விளைந்ததைப் 'போடியார்ர வேளாண்மை' என்றுதான் ஊர் சொல்லும். ஆனால் வயலில் நின்று வேலை வாங்கியவர் முல்லைக்காரன். உழுது, விதைத்து, காவல் காத்து, சூடு போட்டவர்கள் வயற்காரர்கள். களவெட்டியில் நெல் அளக்கும்போது எல்லோரும் நிற்பார்கள், எவருக்கு எத்தனை என்பது எல்லோர் கண்முன்னும் அளக்கப்படும். அது சமத்துவமான ஒழுங்கு என்று நான் சொல்லமாட்டேன். பெரும்பகுதி போடியாருக்கே போனது, கடனில் முழுகிய வயற்காரர் தலைமுறை தலைமுறையாக உண்டு. ஆனாலும் பங்கு மறைவில் முடிவாகவில்லை.

இதைவிட எனக்கு முக்கியமாகத் தெரிவது வட்டவிதானையின் கூலி. ஒரு வட்டைக்கு நீர் திறப்பது, வாய்க்கால் வெட்டுவிப்பது, வேலி அடைப்பிப்பது, மாடு இறங்காமல் பார்ப்பது அவர் பொறுப்பு. அதற்கு அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. அறுவடைக்குப் பிறகு ஒவ்வொரு வயலிலிருந்தும் பரப்புக்கு ஏற்ப நெல் அளந்து கொடுப்பார்கள். வாய்க்காலின் கடைசி வயல் காய்ந்துபோனால் அந்த வயலின் நெல் அவருக்கும் இல்லை. தலைவருடைய கூலியைக் கடைசி வயலோடு முடிச்சுப் போட்டுவைத்த ஏற்பாடு இது. 1958இன் நெற்காணிச் சட்டம் இந்தப் பதவியை நீக்கிப் பயிர்ச்செய்கைக் குழுக்களைக் கொண்டுவந்தது. பழைய விதானைமாரில் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியவர்கள் இருந்தார்கள், ஆகவே சீர்திருத்தத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் அந்த முடிச்சு அவிழ்ந்த பிறகு, கடைசி வயலுக்குத் தண்ணீர் போகாததால் சொந்தத்தில் இழப்பவர் மேலே எவரும் இல்லாமற் போனார்.

கல்லோயா இடதுகரையில் நடந்தது அதுதான். 1970களின் முடிவில் அது நாட்டின் மிகச் சீர்குலைந்த நீர்ப்பாசனத் திட்டங்களில் ஒன்றாகக் கருதப்பட்டது. கதவுகள் உடைந்திருந்தன. வாய்க்கால்கள் தூர்ந்திருந்தன. மேலே இருந்தவர்கள் தேவைக்கு மேல் நீர் எடுத்தார்கள், கீழே இருந்தவர்களுக்குச் சிறுபோகத்தில் நீர் எட்டவேயில்லை. சேனாநாயக்க சமுத்திரம் நிரம்பிக் கிடந்தாலும் மண்டூர்ப் பக்கத்து வயல் அதை அறியாமலிருந்த ஆண்டுகள் உண்டு. அப்போதும் குளத்தின் பெயர் அதேதான்.

1980இல் அமெரிக்க உதவியோடு புனரமைப்பு தொடங்கியது. கொழும்பிலிருந்த கமத்தொழில் ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, சீமெந்து வேலையோடு விவசாயிகளின் அமைப்பையும் கட்டவேண்டும் என்று முன்வைத்தன. பட்டதாரி இளைஞர்களும் யுவதிகளும் தெரிந்தெடுக்கப்பட்டுப் பயிற்சி பெற்றார்கள். 1981இன் முற்பகுதியில் முப்பது பேரளவில் ஊர்களுக்குள் சென்று தங்கினார்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்ட முறை எளிமையானது: முதலில் சங்கம் அமைக்காதே, தலைவரைத் தெரிவுசெய்யாதே, வீடு வீடாகப் போய்ப் பேசு, ஒரே வாய்க்காலில் நீர் எடுக்கும் பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்து, அவர்களே சொல்லும் ஒரு குறையை அவர்களைக்கொண்டே தீர்க்கவிடு. வேலை நடந்த பிறகு, வாக்கெடுப்பில்லாமல், எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஒருவரைப் பிரதிநிதியாக வைக்கட்டும். அந்தப் பிரதிநிதிக்குச் சம்பளம் இல்லை.

அந்த ஆண்டு குளத்தில் நீர் கால்பங்குதான் இருந்தது. அம்பாறையின் அதிகாரிகளுக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. கல்லோயாவில் நடந்தால் இலங்கையில் எங்கும் நடக்கும் என்பதே அவர்கள் எண்ணம். நடந்தது. சில வாரங்களுக்குள் பல ஆண்டுகள் தீண்டப்படாத வாய்க்கால்களை விவசாயிகளே துப்புரவாக்கினார்கள். முறை வைத்து நீர் பாய்ச்சினார்கள். மிச்சப்பட்ட நீரைக் கீழே விட்டார்கள். மேலே சிங்களவர், கீழே தமிழர் என்ற நிலையிலும் விட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அதே நீரால் ஏறத்தாழ இருமடங்கு பயன் கிடைத்தது என்று அளந்தவர்கள் எழுதினார்கள்.

இங்கே தலைமையை மறுப்பவர்கள் ஒரு கேள்விக்கு விடை சொல்லவேண்டும். அந்த விவசாயிகள் முப்பது ஆண்டுகளாக அங்கேதான் இருந்தார்கள். ஏன் அதற்கு முன் சேரவில்லை? இளைஞர்கள் வந்து தட்டியதால்தானே கதவு திறந்தது? உண்மை. ஒரு கூட்டம் தானாகவே குழுவாகிவிடும் என்பது அழகான கற்பனை. கல்லோயா அதை ஆதரிக்கவில்லை. தூண்டியவர்களுக்கு உரியது உண்டு. அது எவ்வளவு என்பதைச் சோதிக்க எந்தக் கம்பனியிலும் எளிதாகக் கிடைக்காத ஒரு வாய்ப்பு இங்கே தானாக அமைந்தது. அந்த இளைஞர்களுக்கு நிரந்தர நியமனம் இருக்கவில்லை. ஆசிரியர் வேலை கிடைத்ததும் போய்விட்டார்கள். சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலோர் போய்விட்டார்கள். திட்டம் இத்தோடு சரியும் என்று எவரும் எதிர்பார்த்திருப்பார்கள்.

சரியவில்லை. வாய்க்கால் குழுக்களுக்கு மேல் கிளைக்கால்வாய் அமைப்புகள், அவற்றுக்கு மேல் பகுதிச் சபைகள், எல்லாவற்றுக்கும் மேல் விவசாயிகளே பெரும்பான்மையாக அமர்ந்த முகாமைக் குழு என்று கீழிருந்து மேலே எழும்பிய கட்டு நின்றுகொண்டது. 1985இல் வெளிநாட்டு உதவி முடிந்தது. யுத்தம் முற்றியது. கட்டு அப்போதும் நின்றது.

பிறகு 1997 சிறுபோகம். இடதுகரையில் நெற்செய்கைக்குப் போதிய நீர் குளத்தில் இல்லை என்று நீர்ப்பாசனத் திணைக்களம் அறிவித்தது. கணக்குப்படி அது சரிதான். போக ஆரம்பக் கூட்டத்தில் அத்தோடு முடிந்திருக்கவேண்டிய விடயம். விவசாய அமைப்புகள் இருக்கும் நீரைத் தாங்களே பங்கிட்டுக்கொள்வதாகப் பொறுப்பேற்று, ஏறத்தாழ 65,000 ஏக்கரில் விதைத்தன. சராசரியைவிட நல்ல விளைச்சலை எடுத்தன. மேலே இருந்த சிங்கள விவசாயிகள் கீழே இருந்த தமிழ் விவசாயிகளுக்குச் சமமாக நீர் விட்டார்கள். அந்த ஆண்டு வடக்கில் இராணுவத்தின் ஜயசிக்குறு நடவடிக்கை நடந்துகொண்டிருந்தது. கிழக்கில் ஒவ்வொரு சந்தியிலும் சோதனைச்சாவடி. அப்படிப்பட்ட ஆண்டில் ஒரு மடைக்கதவு நேரத்துக்கு மூடப்பட்டதால்தான் பல மைல் கீழே இன்னொருவர் வயல் நனைந்தது.

இதை உலகுக்குச் சொன்னவர்கள் கோர்னெலின் நோர்மன் அப்ஹோஃபும், கமத்தொழில் நிறுவகத்தின் ஆய்வில் முன்னின்ற சி. எம். விஜயரத்னவும். கல்லோயாவைப் பற்றி அப்ஹோஃப் 1992இல் எழுதிய நூல் நீர்முகாமை படிக்கும் மாணவர் பலருக்கு அறிமுகமானது. அவர் வெற்றியைத் தன்னுடையதாக எழுதவில்லை. விவசாயிகளின் நட்பையும் அவர்களுடைய விழுமியங்களையும் காரணமாகக் காட்டினார். ஆனால் மேர்ட்டன் சொன்னதுதான் நடந்தது. இன்று வெளிநாட்டு ஆய்வேடுகளில் கல்லோயா என்றால் அடைப்புக்குறிக்குள் அவர் பெயர் வருகிறது. தன் பெயரை ஒதுக்க முயன்ற ஒருவருக்கே அது போய்ச் சேர்ந்ததை நினைத்தால், பிழை தனிமனிதரின் பேராசையில் மட்டும் இல்லை என்பது விளங்கும். நாம் மேற்கோள் காட்டும் முறை, பலகை வைக்கும் முறை, பரிசு கொடுக்கும் முறை எல்லாம் ஒருவர் பெயரை மட்டுமே கொள்ளும் அளவுக்குச் செய்யப்பட்டிருக்கின்றன.

அந்த அளவை மாற்றலாம். திரைப்படத்தின் இறுதியில் விளக்குப் பிடித்தவர் பெயர் வரை ஓடுகிறது. இயற்பியல் பரிசோதனைகளில் ஆயிரக்கணக்கானோர் பெயரோடு ஒரே கட்டுரை வெளிவருகிறது. ஒரு கம்பனியின் ஆண்டறிக்கையும், ஒரு நீர்ப்பாசனத் திட்டத்தின் நினைவுக்கல்லும் அப்படி இருக்கக்கூடாது என்பதற்கு எந்தத் தொழில்நுட்பத் தடையும் இல்லை. தலைவரின் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. அவர் எடுத்த முடிவு எது என்று அதன் கீழே எழுதுங்கள், அந்த முடிவால் கெட்டதையும் சேர்த்து எழுதுங்கள், வேலையைச் செய்தவர்களை அதற்குப் பக்கத்தில் எழுதுங்கள்.

இடதுகரையின் சிறுவாய்க்கால்களுக்குப் பெயர் கிடையாது. கிளைக்கால்வாயின் முதலெழுத்தும் ஓர் எண்ணும்தான். 1997இல் அவை ஒவ்வொன்றிலும் சம்பளமில்லாத ஒரு பிரதிநிதி இருந்தார். முறைத்தண்ணீர் வரும் இரவில் ரோர்ச் லைற்றோடு போய், தன் வயல் நனைந்தது போதும் என்று மடையை அடைத்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். அவர்களில் பலர் இப்போது எழுபது கடந்திருப்பார்கள். பிரதிநிதிகளைத் தெரிவுசெய்த கூட்டங்களுக்குக் குறிப்பேடுகள் இருந்தன, கையெழுத்துகள் இருந்தன. அந்தக் கொப்பிகளை உகணையிலும் மண்டூரிலும் வீடு வீடாகப் போய்த் தேடி, சிங்களத்திலும் தமிழிலும் உள்ள அத்தனை பெயர்களையும் ஒரே பட்டியலில் சேர்க்கும் வேலையை ஒரு பல்கலைக்கழக மாணவர் குழு இரண்டு போகத்துக்குள் செய்துவிடலாம். கரையான் முந்திக்கொள்ளாமல் இருக்கவேண்டும்.